சால்மியாவில் கிடைத்த பதினோரு கார்டுகள்

2025 செப்டம்பர் 9, செவ்வாய். அல் குசைஸ், துபாய்

மத்தியானம் குரியர்காரன் குடோனுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனான். டெக்சாஸிலிருந்து ஒரு கவர், உள்ளே ஒரே ஒரு கார்டு. எண் 488. கம்ப்ரஸர் பெட்டிகளுக்கு நடுவே வைத்துப் பிரித்தேன். மூலை மழுங்கவில்லை. நல்ல மனுஷன், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறான்.

1990ஆம் வருடத்து வரிசையில் மொத்தம் 716 பேஸ்பால் கார்டுகள். இன்னும் நான்கு கிடைத்தால் முழுதும் என்னிடம் இருக்கும். யாரும் சீந்தாத வருடம் அது. அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்களாம். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாகக் கிடக்கிறதாம். கார்டு சேர்க்கிறவர்களின் ஆன்லைன் குழுவில் 'தொண்ணூறா? அடுப்பெரிக்கலாம்' என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

சங்கீதா இன்றும் கேட்டாள்: "ஒரு மேட்ச்சாவது முழுசா பார்த்திருக்கீங்களா?" இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவிக்கு இது ஒரு வேடிக்கை.

எனக்கு அந்தச் சிவப்பு ஓரம் பிடிக்கும். சிவப்பின் மேல் மை தெறித்த மாதிரி புள்ளிகள், மேலே கையெழுத்துபோல் சாய்த்து எழுதிய பெயர். அதிலும் அந்தப் பதினொன்று. மற்றதெல்லாம் நான் வாங்கியது. அந்தப் பதினொன்றும் ஒருவன் கொடுத்தது. குவைத், சால்மியா, 1990 கோடை. எனக்கு ஒன்பது வயது. நாங்கள் குடியிருந்த கட்டிடத்துக்கு அப்பாதான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மூன்றாம் மாடி அமெரிக்கப் பையன் வெஸ்லி மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஆட்டக்காரர்களின் பெயர் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்தேன்: மீசை மாமா, பபிள்கம், கோபக்காரர், கும்பிடுசாமி. ஒவ்வொரு கார்டின் பின்னாலும் நீலப் பேனாவில் W.H. என்று எழுதியிருப்பான்.

இன்று அந்தப் பதினொன்றையும் படுக்கையில் பரப்பி, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். சால்மியா, குவைத், 1990 என்று கீழே எழுதினேன். எனக்குப் பிடித்த கார்டுகள் இவைதான் என்றும்.

செப்டம்பர் 10, புதன்

பன்னிரண்டு லைக். குடோனில் ஏசி ஓடவில்லை. ஏசி உதிரிப்பாகக் குடோனில்!

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று கோணல்மாணலாகத்தான் எழுதுவேன்.

காலையில் போனைத் திறந்தால் என் போட்டோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில், ஒரே வரி: "அந்த W.H. நான்தான். நீ வீரபாண்டியின் மகனா?"

இறந்துபோன என் அப்பாவின் பெயர். நான் எங்கும் போடாத பெயர். அதை ஓஹையோவிலிருந்து ஒரு ஆள் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறான்.

ஆமாம் என்று மட்டும் பதில் போட்டேன். அதற்கே பத்து நிமிஷம் ஆயிற்று. பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே டியூட்டிக்குப் போவதை மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் போன் செய்த பிறகுதான் இன்னும் இறங்கவில்லை என்று தெரிந்தது.

செப்டம்பர் 13, சனி

வெஸ்லி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறான். நாலு முறை படித்தேன். நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

அந்த ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் வந்த பிறகு அமெரிக்கர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். வெஸ்லியின் குடும்பம் தப்ப வழியில்லை. நாலாம் மாடியில் ஊருக்குப் போயிருந்த ஒரு வாத்தியாரின் பிளாட் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி என் அப்பாவிடம். அப்பா அவர்கள் மூன்று பேரையும் அதற்குள் வைத்து வெளியே பூட்டுத் தொங்கவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். துடைக்கிற துணி போட்டு மூடிய பக்கெட்டில் சோறு, குழம்பு, தண்ணீர். பன்னிரண்டு நாள். கதவில் இரண்டு முறை தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு. அப்போதுதான் கதவைத் திறப்பார்களாம்.

பதின்மூன்றாம் நாள் படைவீரன் ஒருவன் வந்து அந்த மாதிரியே தட்டினான். வெஸ்லியின் அம்மா திறந்துவிட்டாள். மற்ற வீரர்களும் மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

அவனுடைய அப்பாவை ஈராக்குக்குக் கொண்டுபோய் ஏதோ ஒரு தொழிற்சாலையில் டிசம்பர் வரை வைத்திருந்தார்கள். வரும்போது பாதி ஆளாக வந்தார். ஏழு வருடத்தில் இறந்துவிட்டார். சாகும்வரை வீரபாண்டி என்ன ஆனார், வீரபாண்டி என்ன ஆனார் என்று கேட்பாராம். ஏனென்றால் அவர்கள் கண் முன்னாலேயே துப்பாக்கிக் கட்டையால் என் அப்பாவைத் தலையில் அடித்தார்கள்.

இடது காது.

அப்பாவுக்கு இடது காது கேட்காது. குவைத்திலிருந்து ஜோர்டானுக்கு வரும் வழியில் லாரி கவிழ்ந்தது என்று சொன்னார்கள். நான் அந்த லாரியில்தான் இருந்தேன். கவிழ்ந்த ஞாபகம் இல்லை. தூங்கிவிட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடமும்!

செப்டம்பர் 14, ஞாயிறு

என் அப்பா! எட்டாவது வரை படித்த, ஆபீஸில் அரபி எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்ற என் அப்பா!

அம்மாவுக்குப் போன் செய்தேன். கோவில்பட்டியில் பவர்கட், வெளியே காற்றாட உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடிக்குமுன்பே குரல் மாறிவிட்டது.

"எதுக்குய்யா இப்போ அதைக் கிண்டுத?"

"அம்மா, அப்பா மூணு உயிரைக் காப்பாத்தியிருக்காரும்மா. ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள். வெளியே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அடுப்பில் என்ன பால்?

செப்டம்பர் 16, செவ்வாய்

குடோனில் எல்லாரிடமும் சொன்னேன். பட்டான் டிரைவர் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டான். "துமாரா பாப் ஷேர் தா, பாய்." உன் அப்பா சிங்கம். கண் கலங்கிவிட்டது.

வெஸ்லியின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. டிசம்பரில் துபாய் வருகிறார்களாம், என்னைப் பார்ப்பதற்காகவே. வீரபாண்டியின் மகன் கையைப் பிடிக்காமல் சாகமாட்டேன் என்று சொல்கிறாளாம்.

கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தான். அவர்களைக் காட்டிக்கொடுத்தது கட்டிடத்து வாட்ச்மேன். பெயர் மாயாண்டி. கதவைத் திறந்தபோது படைவீரனுக்குப் பின்னால் அவன்தான் நின்றிருந்தான். சண்டை முடிந்ததும் வெஸ்லியின் அம்மா கட்டிட முதலாளிக்குக் கடிதம் எழுதி, அந்த ஆள் திரும்பவும் குவைத்துக்கு வரமுடியாதபடி செய்துவிட்டாள். "அது ஒன்றாவது செய்ய முடிந்ததே என்று அம்மா சொல்வாள்."

மாயாண்டியை நினைவிருக்கிறது. சாயல்குடிக்காரர். என்னைத் தோளில் தூக்கி மொட்டைமாடிக்குப் போவார். பக்கத்து ஜில்லாக்காரன் செய்கிற வேலையா இது!

செப்டம்பர் 19, வெள்ளி

டீ டைமில் அம்மாவிடம் மாயாண்டி பற்றிக் கேட்டேன். அந்த நாய் எங்கே இருக்கிறான் என்றுதான் கேட்டேன்.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "அவனைச் சொல்லாதய்யா. அவன் இல்ல."

"அப்ப யாரும்மா?"

ஞாயிற்றுக்கிழமை சங்கீதா பக்கத்தில் இருக்கும்போது கூப்பிடு என்றாள். ஏன் சங்கீதா இருக்க வேண்டும்?

அப்பாவா? அடி தாங்காமல் அப்பாவே சொல்லிவிட்டாரா? அப்படித்தான் இருக்கும். அப்படியிருந்தாலும் எனக்கு அவர் மேல் கோபம் வராது. வராது.

செப்டம்பர் 21, ஞாயிறு

நான்.

நான்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

லீவ் சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று.

செப்டம்பர் 23, செவ்வாய்

எழுதித்தான் ஆகவேண்டும். அம்மா சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"உள்ள ஒரே புழுக்கம். கரண்ட் இல்ல. நீ நச்சரிச்சுக்கிட்டே இருந்த. போய்ப் படியில உக்காந்து வெளையாடுன்னு நான்தான்யா அனுப்பினேன். அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டுப் போன. கொஞ்ச நேரத்துல பேச்சுச் சத்தம் கேக்குதேன்னு கதவை லேசாத் தெறந்து பாத்தா, உன் பக்கத்துல பட்டாளத்தான் ஒருத்தன் உக்காந்திருக்கான். சின்ன வயசுதான், இருபது இருக்கும். துப்பாக்கியை மடியில வச்சுக்கிட்டு உன் சீட்டை ஒண்ணொண்ணா வாங்கிப் பாக்கான். நீ சிரிச்சு சிரிச்சுக் காட்டுத. அவனும் சிரிக்கான்."

சங்கீதா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால எழுதியிருந்ததைக் காட்டி என்னமோ கேட்டான். அமெரிக்கியான்னு கேட்டது மட்டும் எனக்கு விளங்கிச்சு. நீ எந்திரிச்சு அவன் கையைப் பிடிச்சுக்கிட்ட. மேல கூட்டிட்டுப் போன. கத்தணும்னு வாயைத் தெறந்தேன், சத்தம் வரல. துப்பாக்கி வச்சிருக்கான்யா. நீ அவன் பக்கத்துல போயிக்கிட்டு இருக்க. நான் என்ன செய்வேன், சொல்லு?"

படிக் கைப்பிடியில் நான் அவனுக்குத் தட்டிக் காட்டியிருக்கிறேனாம். இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. பக்கெட்டோடு அப்பா போகும்போதெல்லாம் பின்னாலேயே போய்ப் பழகிய தட்டாம்.

"உங்க அப்பா அன்னைக்கே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. காதுல ரத்தம் ஒழுகுது, அப்பவும் 'பயலுக்கு இது தெரியக் கூடாது, பானு'ங்காரு. லாரியில வரும்போது அந்தச் சீட்டைத் தூக்கி எறியப் போனேன். உங்க அப்பாதான் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'எறிஞ்சா ஏன்னு கேப்பான், இருக்கட்டும்'னாரு."

2009 லீவில் ஆல்பத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். பதினொன்றையும் ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்தேன். இது மீசை மாமா, இது கும்பிடுசாமி என்று சொன்னேன். வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லா வச்சிருக்கியே" என்றார்.

எப்படி அந்தக் கையால் வாங்கிப் பார்த்தார்?

செப்டம்பர் 24, புதன்

ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். படி ஞாபகம் இருக்கிறது. மொசைக் படி, ஓரத்தில் பித்தளைப் பட்டை. வெஸ்லி ஞாபகம் இருக்கிறான். ஜோர்டான் எல்லையில் கூடாரம், ரொட்டிக்கு வரிசை, மணல், எல்லாம். பக்கெட்டும் கதவும் ஞாபகம் இல்லை, அந்தப் படைவீரனும் இல்லை. முகம் இல்லை, கை இல்லை, ஒன்றும் இல்லை. பொய்யாக இருக்குமோ? அம்மா எதற்குப் பொய் சொல்வாள்.

உடல் இங்கே பெட்டி தூக்குகிறது, டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடுகிறது. பெயரைக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

சங்கீதா பேசினாள். மார்க்கெட்டிலிருந்து வரும் வழியில், காரில்.

"ஒம்பது வயசுங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒம்பது வயசுல என்ன தெரிஞ்சுச்சு? லிப்ட்ல யாரு கேட்டாலும் ரூம் நம்பர் சொல்லிடுவா."

"மாயாண்டிக்கு அப்போ இருபத்தெட்டு வயசு சங்கீதா. அவருக்கும் பொண்டாட்டி பிள்ளை இருந்திருக்கும்."

சிக்னலில் கார் நின்றது. பிறகு, "சொல்லிட்டா அந்த அம்மா வரமாட்டாங்க. மாமாவோட பேரும் சேர்ந்து கெடும்" என்றாள்.

"சொல்லலைன்னா?"

"எனக்குத் தெரியலைங்க."

வெஸ்லி தினமும் எழுதுகிறான். டிக்கெட் பார்த்தாகிவிட்டதாம். என் அப்பாவின் போட்டோ ஒன்றை அவன் அம்மா கேட்டாளாம், சட்டம் போட்டு வைக்க. நான் நான்கு நாளாகப் பதில் போடவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் அம்மா தானாகப் போன் செய்தாள். எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள், நான் என்ன நினைக்கிறேன் என்று.

"வேண்டாம்யா. உங்க அப்பா சாகுறவரை வாயைத் தெறக்காமக் காப்பாத்தினாரு. நீ ஒரு நாள்ல ஒடைச்சிடாத."

"அப்பா என்னைக் காப்பாத்தினாரும்மா. மாயாண்டி அண்ணனை யாரு காப்பாத்துனா?"

அம்மா, "அந்தப் பாவம் எனக்கும்தான் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள். பால் காரணம் சொல்லவில்லை.

பர் துபாய் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். உள்ளே போகவில்லை. ஆப்ரா படகுத்துறையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். ஆறு முறை அழித்தேன். நான் குழந்தை, எனக்குத் தெரியாது என்று வந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: உங்கள் கதவை அந்த ஆளுக்குக் காட்டியது நான். தட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தது நான். நீ கொடுத்த கார்டுகளை வைத்துத்தான் அவன் என்னிடம் பேச்சுக்கொடுத்தான். மாயாண்டி ஒன்றும் செய்யவில்லை. எனக்கு இது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். உன் அம்மாவிடம் சொல்லிவிடு.

அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்துவிட்டான்.

செப்டம்பர் 29, திங்கள்

ஒன்றும் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

குழுவிலிருந்து விலகிவிட்டான் போலிருக்கிறது. பெயரைக் காணோம்.

அக்டோபர் 8, புதன்

டெக்சாஸ்காரர் மீதி நான்கு எண்ணும் தன்னிடம் இருக்கிறது, அனுப்பவா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று எழுதினேன். ஆல்பத்தைப் பெட்டியில் வைத்து அலமாரி மேலே ஏற்றியாயிற்று. பார்த்தால் வாந்தி வருகிறது. உண்மையாகவே வந்தது, இரண்டு முறை.

அக்டோபர் 12, ஞாயிறு. புஜைரா போய் வந்தேன்

தியாகுவைப் பார்க்கப் போனேன். எண்ணெய்க் கிடங்கில் டேங்க் வேலை செய்கிறவன், சாயல்குடிப் பக்கம். முன்பு எங்கள் குடோனில் இருந்தவன். கேம்ப் வாசலில் டீ வாங்கிக்கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் சொன்னேன்.

"சாயல்குடியில மாயாண்டி தடுக்கி விழுந்தா ஒருத்தன் இருப்பானேண்ணே. வேற அடையாளம்?"

"குவைத்துல வாட்ச்மேனா இருந்தவரு. தொண்ணூறுல திரும்பினவரு."

தியாகு தலையைத் தூக்கினான். "குவைத்து மாயாண்டியா? பஸ் ஸ்டாண்டுகிட்ட பஞ்சர் கடை வச்சிருக்காரே? நாலு வருஷம்தான் இருந்தாரு, அந்தப் பேரு மட்டும் போகவே இல்ல. திரும்பப் போறேன் போறேன்னு பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாராம், வெசா வரவே இல்லன்னு எங்க அப்பா சொல்லுவாரு."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவருடைய நம்பர் கேட்டேன்.

நம்பர் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறான்.

அக்டோபர் 17, வெள்ளி

வெஸ்லி எழுதியிருக்கிறான். பத்தொன்பது நாள் கழித்து.

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இப்படி எழுதியிருக்கிறான்: "இரண்டு வாரம் உன்னை வெறுத்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை. பிறகு எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நாலாம் மாடிக்குள் போவதற்கு முந்தின நாள் அந்தக் கார்டுகளை உனக்குக் கொடுத்தேன். என் அப்பா எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார், எங்கள் பெயர் எங்கும் இருக்கக்கூடாது என்று. எனக்கு எரிக்க மனம் வரவில்லை. அவருக்குத் தெரியாமல் உன்னிடம் தள்ளிவிட்டேன். எனக்குப் பத்து வயது. உன்னைவிட ஒரு வயது பெரியவன்."

என்னால் மேலே படிக்க முடியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கடைசி வரியைப் பார்த்தேன்.

"அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாட்ச்மேன் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறாள். சாப்பிடமாட்டேன் என்கிறாள்."

அக்டோபர் 19, ஞாயிறு

மாயாண்டி அண்ணனின் நம்பர் கைக்கு வந்து இரண்டு நாள். இன்னும் அழுத்தவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பேசிவிட்டேன்.

பின்னால் பஸ் ஹாரன் சத்தம். யாரோ டியூபைத் தண்ணீரில் முக்குகிற சத்தம். வீரபாண்டி மகன் பாலகுரு என்று சொன்னதும், "சூப்பர்வைசர் மகனா? அப்பா எப்படிப்பா இருக்காரு?" என்றார். தவறிவிட்டார் என்றேன். "அடடா. நல்ல மனுசன்" என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் என்று.

"செத்த இரு தம்பி" என்று யாரிடமோ ஸ்பானரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. கீழ தண்ணித் தொட்டிகிட்ட நின்னேன். நீ அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறதைப் பாத்துட்டுப் பின்னாலயே ஓடியாந்தேன். நான் மேல வரவும் அவன் தட்டவும் சரியாப் போச்சு. உன்னைப் பிடிச்சு இழுத்து எனக்குப் பின்னாடி நிப்பாட்டிக்கிட்டேன். கதவு தெறந்துச்சு. அந்த அம்மா கண்ணுக்கு நான்தான் தெரிஞ்சேன்."

"இவன்தான்னு நீங்க என்னைக் கைகாட்டியிருக்கலாமேண்ணே."

"யாரை? உன்னையா? உங்க அப்பாவை அடிச்ச அடியைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். உன்னைக் காட்டினா அந்த அம்மா உன்னைத் தொட்டிருக்காது, சரி. ஆனா உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

பிறகு சிரித்தார். சிரிப்பு இல்லை, ஒரு செருமல். "பெரிய மனுசன்னு நெனச்சுக்காத. கோவம் இருந்துச்சு. வெசா இல்ல வெசா இல்லன்னு வர்றப்பல்லாம் உங்க குடும்பத்தை நாக்கு கூசுற மாதிரி பேசியிருக்கேன். பத்து வருசம் இருந்துச்சு. அப்புறம் மகளுக்குக் கல்யாணம், அது இதுன்னு போயிருச்சு."

அந்த அம்மா உங்களிடம் பேச வேண்டும் என்கிறாள் என்றேன். "எதுக்கு? வெசா குடுக்கவா?" என்றார். வரட்டும் பார்ப்போம் என்றும் சொன்னார்.

நவம்பர் 20, வியாழன்

லீவ் கிடைத்துவிட்டது. டிசம்பர் 24 முதல் பன்னிரண்டு நாள். வெஸ்லியின் அம்மாவுக்கு டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். துபாய் இல்லை, எங்கும் இல்லை. வீடியோவில் பேசலாம், நடுவில் நீ மொழிபெயர்க்க வேண்டும் என்று வெஸ்லி கேட்கிறான்.

நானா?

வேறு யார்.

டிசம்பர் 26, வெள்ளி. கோவில்பட்டி

அம்மாவும் வருகிறேன் என்கிறாள். சாயல்குடி வரை கார் ஒத்துக்கொள்ளாது, முதுகுவலி என்று எவ்வளவோ சொன்னேன். காலையிலேயே புடவை எடுத்து வைத்துவிட்டாள்.

டிசம்பர் 28, ஞாயிறு. சாயல்குடி

மாயாண்டி அண்ணன் கடையைச் சாயங்காலம் ஐந்துக்கே அடைத்துவிட்டார். வீட்டுக்குள் நாலு பிளாஸ்டிக் சேர். தலை முழுக்க நரைத்துவிட்டது, கை மட்டும் அதே கை. அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உக்காருங்கக்கா மொதல்ல, காப்பி குடிங்க" என்றுவிட்டார். அம்மா தம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்தவள் குடிக்கவே இல்லை.

ஐந்தரைக்கு வெஸ்லி அழைத்தான். வழுக்கை. தாடி. அவனை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. பக்கத்தில் அவன் அம்மா, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். மன்னித்ததா, பார்த்துவிட்டேன் என்பதா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பிறகு மாயாண்டி அண்ணனை மட்டுமே பார்த்தாள்.

நான் செய்தது பெரிய தவறு, உங்கள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றாள். அவரிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, சரிம்மா" என்றார். உங்கள் வீட்டுக்காரர் கடைசியில் நல்லபடியா ஊர் வந்து சேர்ந்தாரா என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவள் அழுதாள். வெஸ்லி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் அவள் கேட்டாள்: "அன்றைக்கு உங்களை அவ்வளவு திட்டினேன். துப்பினேன். நான் இல்லை என்று நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

தமிழில் சொன்னேன். மாயாண்டி அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"சொன்னேனேம்மா. நான் இல்லம்மா, நான் இல்லம்மான்னு நாலு மாடியும் இறங்கிக் கீழ வண்டி கிட்ட வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் வந்தேன். பயத்துல இந்தி வரல, அரபி வரல. தமிழ்லதான் சொன்னேன்."

திரையில் அவர்கள் இருவரும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.